ஏஜெண்டுக்குப் பதினோரு விதிகள்

ஜூன் 3, செவ்வாய்

நற்பவி ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். பாத்திரம் விளக்கியாயிற்று. நாளைக்கு மாவு இருக்கிறது. போன வருஷம் ஆபீசில் கொடுத்த டைரி ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் கிடந்தது. கிழமைகளை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

இன்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். எங்கள் அப்பார்ட்மெண்ட் குரூப்பில் பவியின் பத்தாவது மாதப் படத்தைப் போட்டிருந்தேன், நெற்றியெல்லாம் வாழைப்பழம் அப்பியது. மூன்றாவது மாடி அக்கா, விளம்பரத்தில் வரும் குழந்தை மாதிரியே இருக்கிறாள் என்று எழுதி, கூடவே ஒரு நம்பரும் அனுப்பினார். ரோசலின் என்று பெயர். கைக்குழந்தைகளை விளம்பரப் படங்களுக்கு அனுப்பிவைக்கிற ஏஜெண்ட். சாலிகிராமத்தில் ஆபீஸ். இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்று கூப்பிட்டேன்.

எனக்கு ஆசையெல்லாம் இல்லை. பிற்காலத்தில் பவிக்கு ஒரு நினைவாக இருக்கட்டும் என்றுதான். பிரபாவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒரகடத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நினைவுக்குத்தான் உன் போன்ல நாலாயிரம் போட்டோ இருக்கே, வினோ" என்றார். அவருக்கு எல்லாமே எண்ணிக்கைதான்.

பயம் இருக்கிறது. இந்த ஏஜெண்டுகளைப் பற்றிக் கேள்விப்படாததா? ஆல்பம் எடுக்க வேண்டும் என்பார்கள், பதிவு என்பார்கள், பிறகு அந்த ஆபீசில் வேறு போர்டு தொங்கும். ஆனால் நான் நாலு வருஷம் ஹெச்.ஆரில் இருந்தவள். எங்கள் கம்பெனி ஊழியர் நடத்தை நெறி நாற்பத்துமூன்று பக்கமும் நான் எழுதியது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கலாம், வெள்ளி டம்ளர் வாங்கக் கூடாது என்பதுவரை. என்னை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

ரோசலின் மதியம் ஐந்து தடவை திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். பார்க்கவில்லை. பவி பிறந்த நாளிலிருந்து என் போன் சைலண்டில்தான் இருக்கிறது. அம்மா பத்து தடவை கூப்பிட்டுவிட்டு, பதினோராவதாக பிரபாவைக் கூப்பிட்டு நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரிப்பாள்.

ஜூன் 7, சனி

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயில், கோடம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ. பவி வழியெல்லாம் எதிர் சீட்டுக்காரரின் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள்.

ரோசலினுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். தையல்கடைக்கு மேலே ஒரே அறை. சுவர் முழுக்கக் குழந்தைகள். எனக்கு நாற்காலி காட்டிவிட்டு அவர் தரையில் பாயில் உட்கார்ந்து பவியோடு பேச ஆரம்பித்துவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எம்.பி.ஏ. என்று நானாகச் சொன்னேன். "சரிம்மா" என்றார். கேட்டதெல்லாம் பவியைப் பற்றி. எத்தனை மணிக்குத் தூங்குவாள், புது ஆள் தூக்கினால் அழுவாளா, தண்ணீர் தலையில் விழுந்தால் என்ன செய்வாள், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள்.

பதிவு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். ஆல்பம்? வேண்டாமாம், போனில் எடுத்த படம் போதுமாம். அக்ரிமெண்ட்? "பேப்பரா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க இதுதான் உறுத்துகிறது. ஒன்றுமே கேட்காதவர் பின்னால் எதையோ பெரிதாகக் கேட்கப்போகிறார்.

கிளம்பும்போது ஒரு குறை சொன்னார். "போனை எடுங்கம்மா. கம்பெனிக்காரன் அரை மணி நேரம்தான் டைம் குடுப்பான். உங்க போனுக்கு வாயே இல்ல போலிருக்கு."

ஜூன் 8, ஞாயிறு

எட்டு மணிக்கு இட்லி, இட்லி முடிந்ததும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. தினமும் இதே சண்டை. இன்று என் நீலக் குர்த்தாவில் துப்பினாள். அந்தக் கறை போகாது.

ஜூன் 16, திங்கள்

மனசு சரியில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குழந்தைத் துணிக்கடை விளம்பரம், காலை எட்டு மணிக்கு வடபழனியில் ஸ்டூடியோ என்று போன வாரம் ரோசலின் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சித்திக்குச் சொன்னாள். மூன்றாவது மாடி அக்காவுக்கு ஸ்வீட் கொடுத்தேன். பிரபா லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. பவிக்குப் புது கவுன்.

போனால், குழந்தைகள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பேபி ஒன்று, மித்ரா. பேபி இரண்டு, நற்பவி, ஸ்டாண்ட்பை.

உள்ளே மித்ராவின் அம்மா செல்வராணி பாயில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசுதான் இருக்கும். பொன்னேரியிலிருந்து நாலு மணி ரயிலில் வந்திருக்கிறாள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று அவளிடம்தான் கேட்டேன்.

"ஒரு புள்ள அழுதுச்சுன்னா சூட்டிங் நிக்கக் கூடாதுல்லக்கா? அதுக்கு இன்னொரு புள்ளைய ரெடியா வெச்சிருப்பாங்க. போன ரெண்டு தடவையும் நாங்கதான் ஸ்டாண்ட்பை. இட்லி நல்லாருக்கும். சாப்ட்டுட்டு போயிருவோம்" என்றாள்.

மித்ரா அழவில்லை. இரண்டு மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இப்படியும் ஒரு குழந்தை. பவி புது கவுனோடு பாயில் தவழ்ந்து, ஒரு ஒயரை வாயில் வைக்கப் போய், தூங்கி, எழுந்தாள். இட்லி நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் ரோசலினைக் கேட்டேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? அவர் முகம் மாறவில்லை. சொன்னால் அம்மாக்கள் பதற்றப்படுவார்களாம். அம்மா பதறினால் குழந்தைக்குத் தெரிந்துவிடுமாம். பத்து வருஷ வழக்கமாம். எந்த ஏஜெண்டும் சொல்வதில்லையாம்.

நான் கோபமாகச் சொன்னேன்: "குழந்தை என்னோடது மேடம். எனக்குத் தெரியாம ஒரு விஷயம் நடக்கக் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார்.

ஒரே ஏஜெண்ட் இரண்டு குழந்தைக்கும் எப்படி இருக்க முடியும்? மித்ரா சிரித்தாலும் அவருக்கு லாபம், அழுதாலும் லாபம். கார்ப்பரேட்டில் இதற்கு நலன் முரண் என்று ஒரு பெயர் உண்டு. ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் படப்பிடிப்பு நன்றாக நடந்தது என்று சொன்னேன். நடந்ததுதானே.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாளாக பவி தூங்கும் நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்கிறேன். குழந்தை நடிகர்களின் ஏஜெண்டுக்கான நடத்தை விதிகள். பதினொன்று வந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு நான் உருப்படியாக எழுதிய முதல் விஷயம். எழுதும்போது முதுகு நிமிர்ந்துவிட்டது.

முக்கியமானவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

2. ஏஜெண்ட், குழந்தையின் நலனையே முதலில் கருத வேண்டும். வேறு எவருடைய விருப்பத்தையும் அல்ல.

4. ஏஜெண்ட், தமக்குத் தெரியவந்த எதையும் குழந்தையின் தாயிடம் மறைக்கக் கூடாது. தெரிந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

7. ஏஜெண்ட், ஒரு குழந்தைக்கு வந்த வாய்ப்பை எக்காரணம் கொண்டும் இன்னொரு குழந்தைக்கு மாற்றித் தரக் கூடாது.

11. ஏஜெண்ட், தாயின் தொலைபேசி அழைப்பைத் தவறாமல் எடுக்க வேண்டும்.

பிரபா படித்துப் பார்த்தார். "எல்லாமே ஏஜெண்ட், ஏஜெண்ட்னே ஆரம்பிக்குது. அம்மான்னு ஒண்ணுகூட இல்லையா?" என்றார்.

அம்மாவுக்கு எதற்கு விதி என்று கேட்டேன். அவர் பவியின் டயப்பரை மாற்றப் போய்விட்டார். பின்பக்கத்தை முன்பக்கமாகப் போட்டிருந்தார்.

ஜூன் 21, சனி

சாலிகிராமம். சண்டை வரும் என்று தயாராகத்தான் போனேன். ரோசலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொன்றையும் விரலை வைத்துப் படித்தார். நாலாவதில் ரொம்ப நேரம் நின்றார்.

"இது கஷ்டம்மா. சில நேரம் சொல்லாம இருக்கறதுதான் நல்லது."

"யாருக்கு நல்லது, மேடம்?" என்று கேட்டேன். இன்டர்வியூவில் ஆட்களை மடக்குகிற அதே கேள்வி.

கொஞ்ச நேரம் பவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பதினொன்றாவதைப் படித்தபோது மட்டும் உதடு லேசாகக் கோணியது. ஒரு வரிகூடத் திருத்தவில்லை. பக்கத்துக் கடையில் முப்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி, தன்னிடம் இருக்கும் எல்லா அம்மாக்களுக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "இனிமே இதுதான். எழுதிக் குடுத்துட்டேன்ல."

ஜெயித்த மாதிரி இருந்தது. வரும் வழியில் ரயிலில் கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

செல்வராணி தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். மித்ராவுக்குப் பல் வந்தது, மித்ரா நின்றாள், மித்ரா மாமியார் சேலையில் மூச்சா போனாள். கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை என்று அவளுக்கும் பழகிவிட்டது. "அக்கா போன் ஊமை போன்" என்று ஒரு மெசேஜில் சிரிக்கிறாள். என் விதிகளைக் கணவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறாளாம்.

இன்று ரோசலின் முறைப்படி எல்லாவற்றையும் சொன்னார். சோப்பு விளம்பரம், டி.வி.யில் வரும், ஒன்பதாம் தேதி, வளசரவாக்கத்தில் ஒரு பங்களா. முதல் குழந்தை மித்ரா. பவி ஸ்டாண்ட்பை. கம்பெனிக்காரர்களே படம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாம். விருப்பம் இல்லாவிட்டால் இன்றே சொல்லிவிடலாமாம், தன் மேல் வருத்தம் வேண்டாமாம்.

நேர்மையாகச் சொல்லிவிட்டார். நேர்மையாகச் சொன்னால் வருத்தம் இருக்காது என்று எந்த முட்டாள் சொன்னது என்று தெரியவில்லை.

வருகிறோம் என்றேன். அனுபவம் ஆகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பவி இன்று மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் சிரித்தாள். இரண்டு பல்லும் தெரிந்தது. யாருமே பார்க்கவில்லை, நான் தவிர.

ஜூலை 9, புதன்

நல்ல நாள். ரொம்ப நல்ல நாள். பவிக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

மாடியில் ஏ.சி. போட்ட அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வாசலில் ரோசலின் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கூடையோடு நிற்கிறார். குழந்தைகள் அறைக்குள் வரும் யாரானாலும், டைரக்டரே ஆனாலும், போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு அம்மாக்களுக்கு மட்டும் விலக்கு. இது அவர் பழைய வழக்கமாம். நல்ல வழக்கம்தான், என் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

மித்ரா வழக்கம்போல இல்லை. ரயிலில் கூட்டமாம், தூங்கவே இல்லையாம். பத்தே முக்கால்வரைக்கும் செல்வராணி தோளில் போட்டு நடந்து நடந்து, பதினொன்று ஐந்துக்கு ஒருவழியாகப் படுக்கவைத்தாள். குளியல் காட்சி பன்னிரண்டு மணிக்கு. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். செல்வராணி விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, கீழ போயி ரெண்டு இட்லி முழுங்கிட்டு ஓடியாந்துர்றேன். பாத்துக்கறீங்களா?" என்றாள். போய் நிதானமாகச் சாப்பிடச் சொன்னேன். ரோசலினையும் டைரக்டர் கீழே கூப்பிட்டிருந்தார்.

பவி ரயிலிலேயே நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள். பாயில் உட்கார்ந்து விசிறியைப் பார்த்து, திரைச்சீலையைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சிரிப்பும் அந்த இருட்டு அறையில் வீணாகிக்கொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்கு என் போனில் அலாரம் அடித்துவிட்டது. பவியின் சொட்டு மருந்துக்காக வைத்தது. போன் எப்படியோ மித்ராவின் மெத்தை ஓரமாக இருந்திருக்கிறது. நான் எழுந்து போய் அணைப்பதற்குள் அவள் விழித்துவிட்டாள். இப்படியெல்லாம் நடப்பதுதான், இதில் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை.

பிறகு மித்ரா நிறுத்தவே இல்லை. தண்ணீரைப் பார்த்தாலே கத்தினாள். பன்னிரண்டரைக்கு டைரக்டர் கையை உயர்த்தி, "இன்னொரு பாப்பாவக் கொண்டாங்க" என்றார்.

பவி தொட்டியில் தண்ணீரை அடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றே டேக். செல்வராணி ஓரமாக நின்று, கண் சிவந்த மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளும் கைதட்டினாள். மித்ராவின் கையைப் பிடித்து அதையும் தட்டவைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

எட்டு மணிக்கு இட்லி, சொட்டு மருந்து. பாதி உள்ளே போயிற்று.

பிரபா போனுக்குச் சார்ஜ் இல்லை, அவர் ஷிப்டுக்கு என் போனில் அலாரம் வைக்கப் போனார். "பதினொண்ணு இருவது, ஒரு தடவை மட்டும்னு ஒண்ணு இருக்கே. இது என்னத்துக்கு?" என்றார். சும்மா என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா, சித்தி, அப்பார்ட்மெண்ட் முழுக்க வாழ்த்து. மூன்றாவது மாடி அக்கா தானே பவியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

செல்வராணியின் வாய்ஸ் மெசேஜ் நாலு நாளுக்குப் பிறகு இன்றுதான் வந்தது. மூன்று தடவை கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நல்லாருக்கீங்களா, பவிக் குட்டி நல்லாருக்கா? டி.வி.ல எப்ப வரும்னு சொல்லுங்க, எங்க தெருவுக்கே சொல்லிவெக்கறேன். நம்ம ரெண்டு புள்ளைல யாருக்குக் கெடச்சா என்னக்கா. எங்கூட்ல மாமியார் இனிமே வேணாம்னுட்டாங்க. இந்த ஒரு தடவ பாக்கலாம்னுதான் விட்டாங்க, புள்ள அந்தக் கத்து கத்தி தொண்டை கட்டிக்கிச்சா, அதோட சரி. பரவால்ல. நீங்க போன் எடுக்க மாட்டீங்கன்னு தெரியும், அதான் பேசி அனுப்பறேன்."

பதிலுக்கு ஒரு இதயம் அனுப்பினேன். பிறகு இன்னொன்றும் அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ரோசலின் கூப்பிட்டார். முதல் தடவையிலேயே எடுத்துவிட்டேன், கையில்தான் வைத்திருந்தேன். சோப்புக் கம்பெனிக்கு பவியை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அடுத்த மாதம் இன்னொரு படம், முதல் குழந்தையாகவே. நாளை பன்னிரண்டு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார். குரலில் சந்தோஷம் இல்லை. அவர் எப்போதுமே அப்படித்தான்.

ஜூலை 19, சனி

பவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

ரோசலின் பாயில் உட்காரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் என் விதிகளின் ஜெராக்ஸ் பிரதி.

இன்று காலை செல்வராணி வந்து போனாளாம். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், மித்ராவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தந்துவிடுங்கள், வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாளாம். அன்றைக்குக் குழந்தை எப்படி எழுந்தது என்று ரோசலின் பேச்சுவாக்கில் விசாரித்திருக்கிறார். கீழே இட்லித் தட்டோடு நிற்கும்போது மாடியில் ஒரு போன் மணி கேட்டது, யாரோ கூடையில் போடாமல் போனைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

ரோசலின் கண்ணாடியைக் கழற்றினார். "அறையில நீங்க மட்டும்தானே இருந்தீங்க?"

நான் சொட்டு மருந்து என்றேன்.

"முதல் நாள் நீங்களே சொன்னீங்க, எட்டு மணிக்கு மருந்துன்னு. எழுதி வெச்சிருக்கேன்." ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். பவி என்ற பக்கத்தில், எட்டு மணி, இட்லி, சொட்டு மருந்து, துப்புவாள் என்று இருந்தது. அதற்குக் கீழே, தூக்கத்தில் பயப்படும் சத்தம்: குக்கர் விசில், அலாரம். அதையும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். 

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஜெராக்ஸ் பிரதியை என் பக்கம் திருப்பி நாலாவதில் விரலை வைத்தார். "காலைல பத்து மணிக்கு எனக்குத் தெரிஞ்சுது. பத்து வருஷ வழக்கப்படி நான் இத எனக்குள்ளயே வெச்சுக்கிட்டிருப்பேன். ரெண்டு பேருக்கும் நல்லது. இப்ப கையெழுத்துப் போட்டிருக்கேன். மித்ராவோட அம்மாகிட்ட நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லியாகணும். நீங்களே சொல்லிட்டீங்கன்னா நான் சொல்லத் தேவையில்ல."

நான் உடனே ஒரு வழி சொன்னேன். ஹெச்.ஆர். புத்தி. அடுத்த படத்தை மித்ராவுக்கே கொடுத்துவிடுங்கள், மாமியாரிடம் நானே பேசுகிறேன், கணக்குச் சரியாகிவிடும் என்றேன். அவர் விரல் நாலிலிருந்து ஏழுக்கு இறங்கியது. ஒரு குழந்தைக்கு வந்த வாய்ப்பை எக்காரணம் கொண்டும்.

"பவிக்கு வந்தது பவிக்குத்தான். புள்ள என்ன தப்பு பண்ணுச்சு? ஆனா அன்னிக்கு நீங்க வராதீங்க. பிரபாகர் சார் தூக்கிட்டு வரட்டும்."

"நான் அவ அம்மா, மேடம்" என்றேன்.

"நான் ஏஜெண்டா இருக்கறது பவிக்கும்மா. உங்களுக்கு இல்ல."

இரண்டாவது விதிக்கு அவர் விரல் போகவே இல்லை. போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த நாலாவது விதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'தெரியவந்த' என்றால் சந்தேகமா, உறுதியா? ஞாயிறு கணக்கில் வருமா? 'குழந்தையின் தாய்' என்றால் இப்போது ஏஜெண்டிடம் இல்லாத குழந்தையின் தாயும் சேர்த்தியா? ஒரு ஓட்டைகூட இல்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பிரபாவிடம் அடுத்த படத்துக்கு அவர்தான் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். மறந்துவிடக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து நாலு தடவை போனை எடுத்து வைத்தேன். பவி ஒன்பதேகாலுக்குத் தூங்கினாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, கன்னத்தில் எச்சிலோடு அப்படியே என் மடியில். போன் பக்கத்தில் மெத்தையில் கிடந்தது.

ஒன்பதரைக்கு அடித்தது. இந்தத் தடவை நிஜமாகவே மறந்துபோயிருந்தேன்.

பவியின் உடம்பு முழுக்க ஒரு உதறல். இரண்டு கையும் விரிந்து காற்றில் எதையோ பிடிக்கப் போயிற்று. அப்புறம்தான் அழுகை. தூக்கினேன், நடந்தேன், ஜன்னலைக் காட்டினேன். நிற்கவில்லை. பிரபா குளித்துக்கொண்டிருந்தவர் தலையில் சோப்போடு வந்து எட்டிப் பார்த்தார்.

மித்ராவுக்கும் இதே மாதிரி கை விரிந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அணைக்க எழுந்து போனேன் என்று ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். போகவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடித்து முடியட்டும் என்று இருந்தேன்.

மணி ஒன்பது நாற்பத்தைந்து. பவி இடுப்பில் கத்திக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டேன். செல்வராணி இரண்டாவது மணிக்கே எடுத்தாள்.

"அக்கா, நீங்களா? அதிசயமா இருக்கு. பாப்பா ஏன் இப்படி அழுவுது? மொதல்ல அதப் பாருங்க, நான் அப்புறம் பேசறேன்."

வைக்க வேண்டாம் என்றேன். சொன்னேன். அலாரம் என்னுடையது. தவறி அடிக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு என்று நான்தான் வைத்தேன், நீ கீழே போனதும் வைத்தேன்.

அந்தப் பக்கம் மித்ரா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள், தட்டோ டம்ளரோ.

"ரோசலின் மேடம் கேட்டாங்க" என்றாள். "அக்கா போனா இருக்குமோன்னு. அக்கா போன் ஊமை போன், அதுல சத்தமே வராதுன்னு நான்தான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். ஊழியர்களுக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதங்களின் வாசகமே வாயில் வந்தது. 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பவியும் எதற்கோ அப்போது நிறுத்தினாள்.

"அந்தப் பேப்பர் நீங்கதானக்கா எழுதுனீங்க?"

ஆமாம் என்றேன்.

"அதுல ஒண்ணு சேத்துருங்க. ஸ்டாண்ட்பை புள்ளையோட அம்மாகிட்ட நம்ம புள்ளைய விட்டுட்டு இட்லி திங்கப் போவாதீங்கன்னு. படிச்சவங்க எழுதுனா எல்லாரும் பத்தரமா வெச்சுப்பாங்க."

வைத்துவிட்டாள். அக்கா என்று சொன்னாள், கடைசிவரைக்கும். அதுதான்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரோசலினுக்கு, சொல்லிவிட்டேன் என்று அனுப்பினேன். சரிம்மா என்று வந்தது.

ஜூலை 21, திங்கள்

பவி தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் அடித்தது இப்படி: ஏஜெண்ட், படப்பிடிப்புத் தளத்தில் தூங்கும் குழந்தைகளின் அருகில் உரிய கண்காணிப்பு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். படிக்க அழகாக இருந்தது. அழித்தேன். மறுபடி அடித்தேன். விரல் தானாக ஏஜெண்ட் என்றே ஆரம்பிக்கிறது. அதையும் அழித்தேன்.

பிரபா பின்னால் வந்து நின்று படித்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

நாளைக்கு முப்பத்தொரு பிரதி எடுக்க வேண்டும். முப்பது சாலிகிராமத்துக்கு. ஒன்று தபாலில் பொன்னேரிக்கு, அந்த பிளாஸ்டிக் கவரில் இருக்கும் பழையதற்குப் பதிலாக.

12. தாய், தன்னை நம்பி விட்டுச் சென்ற குழந்தையை எழுப்பக் கூடாது.